காறை எலும்பு முறிவு: பிளேட் வைக்கலாமா, தொட்டில் கட்டே போதுமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

கெடிலக்கரை
திங்கள், இரவு 9.50

என் தம்பிக்கு வயது 29. நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. வெளி யூனிட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவன்.

போன வியாழக்கிழமை புதுச்சேரியில் வேலை முடித்துத் திரும்பும்போது, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டை பக்கத்தில் நாய் குறுக்கே பாய்ந்துவிட்டது. பைக்கோடு விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. இடது தோள் தரையில் அடித்து, காறை எலும்பு (காலர் போன்) நடுவில் உடைந்துவிட்டது. தோலுக்கு அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு முனை புடைத்துத் தெரிகிறது. சட்டை பட்டாலே முகம் சுளிக்கிறான்.

அன்று இரவு பார்த்த மருத்துவர், "பெரிய விலகல் இல்லை, ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டிருந்தால் கூடிவிடும்" என்றார். சனிக்கிழமை புதுச்சேரியில் இன்னொருவரிடம் காட்டினோம். அவர் புது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது, அறுவை செய்து உலோகப் பிளேட் வைப்பது நல்லது" என்கிறார். அப்பா இரண்டும் வேண்டாம், தெரிந்த நாட்டு வைத்தியரிடம் முட்டைப் பற்றுப் போட்டுத் தப்பை கட்டிவிடலாம் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

ஒரே எலும்புக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் யாரை நம்புவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பண்ருட்டி மண்டி
திங்கள், இரவு 10.15

சகோதரி, பயப்பட வேண்டாம். எனக்கு 2016-இல் இதே எலும்பு உடைந்தது. பலா ஏற்றிய மினி லாரியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை, தொட்டில் மட்டும்தான். முதல் இரண்டு வாரம் படுக்கவே முடியாது. ஈசி சேரில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினேன். இருமல் வந்தால் உயிர் போகும். மூன்றாவது வாரம் வலி இறங்கியது, மூன்று மாதத்தில் மண்டிக்குப் போய்விட்டேன்.

இப்போதும் அந்த இடத்தில் ஒரு மேடு இருக்கிறது, சட்டை போட்டால் தெரியாது. இருபது கிலோ பலாவைத் தூக்கித் தராசில் வைக்கிறேன். பிளேட் என்றதும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்.

இசிஆர் ரைடர்
திங்கள், இரவு 11.05

அக்கா, பிளேட் வைத்துவிடுங்கள். மோட்டோஜிபி பைக் பந்தய வீரர் ஜார்ஜ் லொரென்சோவுக்கு 2013-இல் நெதர்லாந்தின் அசென் பந்தயத்தில் வியாழக்கிழமை காறை எலும்பு உடைந்தது. அன்று இரவே பார்சிலோனாவுக்குப் பறந்து டைட்டானியம் பிளேட் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பந்தயத்தில் ஓட்டி ஐந்தாவதாக வந்தார். இரண்டே நாள்! உங்கள் தம்பி ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விடுவார்.

எலும்பு மருத்துவன்
செவ்வாய், காலை 6.20

நான் எலும்பு முறிவு மருத்துவன். படத்தைப் பார்க்காமல் இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும் முறையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் லொரென்சோ. அந்தக் கதையின் மீதியையும் சொல்ல வேண்டும், தம்பி. இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் சாக்சன்ரிங்கில் அவர் மறுபடி விழுந்தார். வைத்த பிளேட் வளைந்துவிட்டது. திரும்பவும் அறுவை செய்தார்கள். பிளேட் எலும்பை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எலும்பு அதன் போக்கில்தான் கூட வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் ஏசி தூக்கலாம் என்று யாரும் கெடிலக்கரையின் தம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

காறை எலும்பு நெஞ்சு எலும்புக்கும் தோளுக்கும் இடையில் முட்டுக்கொடுத்த கம்பு மாதிரி நிற்கிறது. பத்து முறிவில் எட்டு நடுப்பகுதியில்தான் வரும். அந்த இடத்தில் எலும்பு ஒல்லி, தசையின் காப்பும் குறைவு. உடைந்ததும் கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கும். கையின் கனம் வெளிப்பக்கத் துண்டைக் கீழே இறக்கும். மார்புத் தசை தோளை உள்ளே இழுக்கும். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது இப்படித்தான். உங்கள் தம்பிக்குத் தெரிகிற நெல்லிக்காய், மேலே வந்த உள்பக்கத் துண்டு.

பண்ருட்டி அண்ணன் சொல்வதும் உண்மை. விலகாத முறிவுக்குத் தொட்டிலே போதும். 1960-இல் அமெரிக்காவில் நீர் என்ற மருத்துவர் 2235 பேரின் கணக்கை எழுதினார். அறுவை இல்லாமல் விட்டதில் கூடாமல் போனவர்கள் மூன்றே பேர். எங்கள் துறை அதை நம்பி நாற்பது வருடம் எல்லோருக்கும் தொட்டில் கட்டியது. பிறகு, நன்றாக விலகிய முறிவுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கணக்கு மாறிவிட்டது. 2007-இல் கனடாவில் வெளியான ஆய்வில், தொட்டிலில் விட்ட 49 பேரில் 7 பேருக்குக் கூடவில்லை. பிளேட் வைத்த 62 பேரில் 2 பேருக்குக் கூடவில்லை. கூடுவதற்கான சராசரிக் காலம் பிளேட்டில் 16 வாரம், தொட்டிலில் 28 வாரம்.

இதையே திருப்பிப் பாருங்கள். விலகிய முறிவிலும் ஏழில் ஆறு பேருக்குத் தொட்டிலிலேயே கூடியிருக்கிறது. எல்லோருக்கும் பிளேட் வைத்தால், அந்த ஆறு பேரையும் தேவையில்லாமல் அறுக்கிறோம். 2013-இல் எடின்பரோவில் 200 பேரை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. கூடாமல் போனவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பின் தோளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே என்னைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: அந்த ஏழாவது ஆளாக வரக்கூடியவர் யார்?

எலும்பு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகியிருந்தால், முனைகள் ஒன்றை ஒன்று தொடாமலே இருந்தால், நடுவில் சிதறல் துண்டுகள் இருந்தால், புகை பிடிப்பவராக இருந்தால் எலும்பு கூடாமல் போகும் ஆபத்து அதிகம். எனக்கு இரண்டு விவரம் வேண்டும். தம்பி புகை பிடிப்பாரா? இரண்டு எக்ஸ்ரேவும் எப்படி எடுத்தார்கள், படுக்க வைத்தா, நிற்க வைத்தா?

இன்னொன்று. கை விரல் மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, எலும்பு முனை குத்தும் இடத்தில் தோல் வெளுத்துப்போனாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கெடிலக்கரை
செவ்வாய், காலை 8.40

டாக்டர், காலையிலேயே இவ்வளவு எழுதியதற்கு நன்றி. விரல் எல்லாம் நன்றாக அசைகிறது, சூடாகவும் இருக்கிறது. தோல் நிறம் மாறவில்லை.

புகை: கேட்டேன். முதலில் இல்லை என்றான், அம்மா அந்தப் பக்கம் போனதும் ஒரு நாளைக்கு ஐந்தாறு என்றான்.

எக்ஸ்ரே கேட்டீர்களே, அதில்தான் எனக்கு ஆச்சரியம். முதல் படம் விபத்தன்று இரவு, ட்ராலியில் படுத்திருக்கும்போதே எடுத்தது. இரண்டாவதை நிற்க வைத்து எடுத்தார்களாம். இரண்டையும் சமையலறை ட்யூப்லைட்டுக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் படத்தில் முனைகள் கிட்டத்தட்ட நேருக்கு நேர் இருக்கின்றன, நடுவில் மெல்லிய கோடு. இரண்டாவதில் ஒரு துண்டு நன்றாக மேலே ஏறி, இன்னொன்று அதன் அடியில் நுழைந்திருக்கிறது. நடுவில் கடுகு வெடித்த மாதிரி ஒரு சின்னத் துண்டு தனியாக நிற்கிறது. ஒரே ஆளின் எலும்புதானா என்று பெயரை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

எலும்பு மருத்துவன்
செவ்வாய், மதியம் 1.30

உங்கள் குழப்பத்துக்குப் பதில் உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. படுத்திருக்கும்போது கையின் கனத்தை ட்ராலி தாங்கிக்கொள்ளும், முனைகள் ஓரளவு இடத்துக்கு வந்துவிடும். எழுந்து நின்றால் கை தொங்கும், உண்மையான விலகல் தெரியும். அவரவர் பார்த்த படத்துக்கு அவரவர் சொன்னது சரிதான். முதல் மருத்துவர் தவறு செய்தார் என்று நினைக்க வேண்டாம். விபத்தில் வந்தவரைப் படுக்க வைத்துத்தான் முதலில் பார்க்க முடியும்.

நின்று எடுத்த படத்தில் குறுகல் எத்தனை என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். நல்ல பக்கத்துத் தோளையும் சேர்த்து எடுத்தால் ஒப்பிட வசதி. தோளில் சுமை தூக்குகிற வேலை, புகை, நீங்கள் சொல்லும் சிதறல் துண்டு, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் பிளேட் சொன்னவர் பக்கம் நியாயம் கனமாக இருக்கிறது. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்தால் முனைகளைச் சுலபமாகப் பொருத்தலாம். அதற்கு மேல் போனால் இடையில் வளர்ந்த புது எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நேராக்க முடியும்.

வெள்ளிக்கடற்கரை
செவ்வாய், மாலை 5.10

அப்பாவின் தப்பை யோசனைக்காக எழுதுகிறேன். நாங்கள் தேவனாம்பட்டினம். என் மாமா மகனுக்கு விசைப்படகில் கயிறு இழுக்கும்போது சறுக்கி விழுந்து இதே எலும்பு போனது. ஊர் பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். தோளைப் பிடித்துத் திருகி "சேர்த்துவிட்டேன்" என்றார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார். வாரம் ஒரு கட்டு, எட்டு கட்டு. அக்குளில் புண் வந்து நாற்றம் எடுத்தது. எக்ஸ்ரே கேட்டால், "கை பார்க்கிறதுக்கு மேல படமா" என்பார்.

ஐந்தாவது மாதம் வலை இழுக்கப் போனான். தோளில் ஏதோ நறநறவென்று அசைகிறது என்று பாதியில் திரும்பிவிட்டான். படம் எடுத்தால் எலும்பு கூடவே இல்லை, முனைகள் மழுங்கிப்போய் நடுவில் இடைவெளி. பிறகு பிளேட் வைத்தார்கள், இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் நிரப்பினார்கள். தோளை விட இடுப்புதான் அவனுக்கு அதிகம் வலித்தது. இரண்டு சீசன் போய்விட்டது. அந்த வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை.

பண்ருட்டி மண்டி
செவ்வாய், இரவு 8.00

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கட்டு வைத்தியம் எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு எங்கிருந்தெல்லாம் சனம் போகிறது! என் தாத்தாவுக்குக் கட்டு கட்டித்தான் காறை எலும்பு கூடியது. தொண்ணூறு வயது வரை மண்வெட்டி பிடித்தார்.

எலும்பு மருத்துவன்
செவ்வாய், இரவு 10.20

அண்ணே, தாத்தாவுக்குக் கூடியதை நான் நம்புகிறேன். காறை எலும்பு முறிவில் பெரும்பாலானவை தானாகவே கூடும். கட்டினாலும் கூடும், கட்டாவிட்டாலும் கூடும். அதனால் எந்த வைத்தியம் செய்தவருக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது, எங்களுக்கும்தான். எதைத் தொடலாம், எதை விட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கப் படம் வேண்டும். தேவனாம்பட்டினத்துப் பையனுக்கு அந்தப் படம்தான் கிடைக்கவில்லை. இந்த எலும்புக்கு அடியிலேயே கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய், நரம்புக் கொத்து, நுரையீரலின் உச்சி மூன்றும் இருக்கின்றன. கூரான முனையை வைத்துக்கொண்டு திருகுவதை என்னால் ஏற்க முடியாது.

மருந்துக்கடையில் விற்கும், இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் எட்டு வடிவப் பட்டையைப் பற்றிச் சிலர் தனிச்செய்தியில் கேட்டார்கள். தொட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எலும்பு கூடுவதில் வித்தியாசம் இல்லை, பட்டைதான் அதிகம் உறுத்துகிறது. நான் தொட்டில்தான் தருகிறேன்.

நெல்லிக்குப்பம் அம்மா
புதன், காலை 7.15

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு எட்டு வயது. ஊஞ்சலில் இருந்து விழுந்து இதே எலும்பு வளைந்து உடைந்திருக்கிறது. அவனுக்கும் பிளேட் வைக்க வேண்டுமா?

எலும்பு மருத்துவன்
புதன், காலை 7.40

வேண்டாம் அம்மா. குழந்தைகளின் எலும்பு வளர்ந்துகொண்டே தன் வளைவைத் தானே நேராக்கிக்கொள்ளும். தோலைக் கிழித்து வந்தாலோ நரம்பு அடிபட்டாலோ மட்டும்தான் அறுவையைப் பற்றி யோசிப்போம். மூன்று நான்கு வாரம் தொட்டில் போதும். ஒரு மேடு வரும், பயப்படாதீர்கள். அதுதான் புது எலும்பு, மாதக்கணக்கில் கரைந்துவிடும்.

லாஸ்பேட்டை டீச்சர்
புதன், மாலை 4.45

கெடிலக்கரை தங்கச்சி, நான் பிளேட் வைத்துக்கொண்டவள். நான்கு வருடம் ஆகிறது. ஸ்கூட்டி விபத்து, வலது பக்கம். யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில விஷயங்களை உனக்குச் சொல்ல வேண்டும்.

தழும்புக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போகும். தோலுக்கு உணர்வு கொடுக்கும் மெல்லிய நரம்புகள் அந்த எலும்பைத் தாண்டித்தான் இறங்குகின்றன. கத்தி வைக்கும்போது அவற்றில் சில போய்விடும் என்று பிறகுதான் சொன்னார்கள். முதல் தடவை குளித்தபோது சோப்புப் போட்ட கைக்குத் தோல் தெரிகிறது, தோலுக்குக் கை தெரியவில்லை. வேறு யாருடைய உடம்பையோ தேய்க்கிற மாதிரி இருந்தது. பயந்து அழுதுவிட்டேன். இப்போது அந்த இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

அப்புறம், நான் ஒல்லி. பிளேட்டின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். கைப்பையை அந்தத் தோளில் மாட்ட முடியாது, காரில் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் சீட் பெல்ட் சரியாக அதன் மேலேயே ஏறும். மடித்த கைக்குட்டையை நடுவில் வைத்துக்கொள்கிறேன். பிளேட்டை எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். குறைந்தது ஒன்றரை வருடம் போகட்டும், எடுத்தாலும் ஸ்குரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும் வரை அந்த இடம் மறுபடி உடையும் ஆபத்து உண்டு, தொல்லை தாங்கினால் விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன்.

இவ்வளவு சொன்னாலும், மறுபடி அந்த நாள் வந்தால் பிளேட்டுக்குத்தான் சம்மதிப்பேன். மூன்றாவது வாரத்தில் கரும்பலகையில் எழுத முடியாவிட்டாலும், உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். வலி இல்லாமல் தூங்கினேன். எனக்கு அது பெரிய விஷயம்.

மஞ்சக்குப்பம் காப்பீடு
புதன், இரவு 9.00

செலவு பற்றி யாரும் எழுதவில்லை. விபத்து ஆல்பேட்டை பக்கம் என்றால் தமிழ்நாட்டு எல்லைக்குள்தான். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் நடந்த சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா பாருங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டையைக் காட்டி, இந்த அறுவை அதில் வருமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். முதல் நாள் மருத்துவமனையில் பதிவான ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் எந்தக் கோரிக்கைக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.

கெடிலக்கரை
வெள்ளி, இரவு 10.30

நேற்று நின்றபடி மறுபடி ஒரு படம், நல்ல தோளோடு சேர்த்து. குறுகல் 2.3 சென்டிமீட்டர். முதலில் பார்த்த மருத்துவரிடமே அந்தப் படத்தைக் கொண்டுபோனேன். ஒரு நிமிடம் பார்த்தார். "அன்னைக்கு இப்படி இல்லம்மா. இதுக்கு வெச்சுடலாம்" என்றார், எந்தக் கௌரவமும் பார்க்காமல். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

அப்பாவிடம் இரண்டு படத்தையும் காட்டி, தேவனாம்பட்டினத்துக் கதையைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. "இடுப்புல இருந்தா எடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். காலையில் அவரே அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அறுவை.

கெடிலக்கரை
அடுத்த வியாழன், மாலை 6.00

நல்லபடியாக முடிந்தது. எலும்பின் வளைவுக்கு ஏற்பவே செய்துவரும் பிளேட், மேல்பக்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஸ்குரூ. தனியாக நின்ற அந்தச் சின்னத் துண்டையும் இடத்தில் சேர்த்துவிட்டார்களாம். இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். டீச்சர் அக்கா சொன்ன மாதிரியே தழும்புக்குக் கீழே மரத்திருக்கிறது. முன்பே சொல்லியிருந்ததால் அவன் பயப்படவில்லை.

இனி என்ன பயிற்சி? அவன் கையை அசைக்கவே பயப்படுகிறான்.

முத்தியால்பேட்டை பிசியோ
வியாழன், இரவு 8.20

மருத்துவர் தடை சொல்லாத வரை, முழங்கை, மணிக்கட்டு, விரல்களை இன்றைக்கே அசைக்கச் சொல்லுங்கள். தோளுக்குப் பயந்து முழங்கையை மடக்கியே வைத்திருந்து, அது இறுகிப்போய் என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். நாளைக்கு ஐந்தாறு தடவை, தொட்டிலைக் கழற்றிக் கையை முழுவதும் நீட்டி மடக்கட்டும். அக்குளைத் துடைத்துக் காய வைத்து, மெல்லிய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். கடலூர் வெயிலுக்கு வியர்வையில் புண் வந்துவிடும்.

சில நாள் கழித்து மருத்துவர் சரி என்றதும் ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளி ஆடுகிற மாதிரி மெதுவாக ஆட்டுவது. கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்குவது ஆறு வாரப் படத்தைப் பார்த்த பிறகுதான். கனம் தூக்குவது மூன்று மாதத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். வலி போய்விட்டது என்று இரண்டாவது மாதமே தூக்கிப் பிளேட்டை வளைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எலும்பு மருத்துவன்
வியாழன், இரவு 9.15

இதோடு சிகரெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேட் இருக்கிறதே என்று பிடித்தால், எலும்பு கூடாமல் இழுத்துக்கொண்டே போகும். கூடாத எலும்பு அசைய அசைய, எந்த உலோகமும் ஒரு நாள் முறியும்.

கெடிலக்கரை
நான்கு மாதம் கழித்து, ஞாயிறு, காலை 11.00

இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். மூன்றாவது மாதப் படத்தில் எலும்பு கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நானும் ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன், அந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கை முழுவதும் மேலே போகிறது. மரத்துப்போன இடம் இப்போது ஒரு ரூபாய் நாணயங்கள் நாலைந்து சேர்த்த அளவுதான். சிகரெட் விஷயம் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, வீட்டில் பெரிய சண்டை. அன்றோடு விட்டான், இன்றுவரை தொடவில்லை.

வேலைக்குப் போய் இரண்டு வாரம். வெளி யூனிட்டைத் தூக்க இன்னும் ஒரு பையனைக் கூட வைத்திருக்கிறான். தூக்கும்போது இடது தோளில் வைப்பதில்லை. கூடிய பிறகு வைக்கலாமா, பிளேட் மேல் நேராகக் கனம் படலாமா என்று கேட்கிறான்.

எலும்பு மருத்துவன்
ஞாயிறு, மாலை 3.30

சந்தோஷம். வலது தோளுக்கே பழக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு வழியில்லாத நாளில் சாக்கை நாலாக மடித்து, கழுத்தை ஒட்டி இல்லாமல் தோளின் வெளி ஓரமாக வைத்து, அதன் மேல் தூக்கட்டும். எலும்பு தாங்கும், தோல்தான் உலோக விளிம்புக்கும் சுமைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சிவந்தாலோ புண்ணானாலோ காட்டச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றால் ஒரு வருடம் முடிந்ததும் ஒரு படம் போதும்.